ஓவியத்தின் புறப்பாடு

தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில், ஓலைச்சுவடிகளுக்கும் பழைய ஏடுகளுக்கும் அருகே, மனித முகங்களையும் மிருக முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கும் சித்திரங்கள் சில காணக் கிடைக்கின்றன. ஆந்தையின் உருண்டு விழித்த கண்களையும் கீழ்நோக்கி வளைந்த அலகையும் ஒத்த கண்ணும் மூக்கும் வாய்த்த ஒரு மனிதன், சிங்கத்தின் அகன்ற நெற்றியைத் தன் முகத்தில் தாங்கிய மற்றொருவன் என்று ஒவ்வொன்றும் பார்ப்பவரைச் சற்றே திடுக்கிட வைக்கும் விசித்திரமான கற்பனைகள். இவற்றைக் கற்பித்தவர் சார்ல் லெ பிரூன்; 1619இல் பாரிஸில் பிறந்து, பதினான்காம் லூயி மன்னனின் தலைமை ஓவியராக உயர்ந்து, வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் விதானத்தைத் தீட்டி, 1690இல் மறைந்தவர். முகத்தின் அமைப்பினின்றும் மனத்தின் சுபாவத்தை அறியலாம் என்ற கொள்கையை விளக்கி அவர் 1671இல் பாரிஸ் ஓவியக் கழகத்தில் நிகழ்த்திய உரையோடு தொடர்புடையவை இந்த முகங்கள்.

ஒருமுறைகூடக் கீழ்த்திசைக்கு வந்திராத அந்த ஓவியரின் சிந்தையில் உதித்த முகங்கள், காவிரிக் கரையில் நெல் விளையும் ஒரு சிறிய நாட்டின் அரசர் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்று எண்ணத் தொடங்கினால், ஓவியத்தின் சரித்திரத்தில் நாம் போதிய மரியாதை செலுத்தாத ஒரு சாதனத்தின் முன்னால் போய் நிற்போம். அது செப்புத் தகடு. வர்ணத்தையும் திரைச்சீலையையும் பொன்னையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் கலை விமரிசகர்கள், ஓவியனின் கீர்த்தியைக் கடல் கடந்து சுமந்து சென்ற இந்தத் தகட்டைக் கைவினையின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தத் தகட்டைப் பற்றியும், தகடும் உளியும் தன் கையிலேயே இருக்க அவற்றை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்திய சோழநாட்டைப் பற்றியும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நமக்கு நல்லது.

இன்று பரோக் என்று வழங்கும் பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியம், பெரும்பாலும் இடத்தோடு பிணைந்த கலையாகவே பிறந்தது. தேவாலயத்துப் பலிபீடத்தின் மேல் நிற்கும் பெரும் பலகையும் அரண்மனை விதானம் முழுவதும் பரவிய சுவரோவியமும் அந்தந்த இடத்து வெளிச்சத்துக்கும் உயரத்துக்கும் இசைய எழுதப்பட்டவை. அவற்றைக் காண விரும்பியவன் கால்நடையாகவோ வண்டியிலோ அங்கே போய்த்தான் தீரவேண்டும். பீட்டர் பால் ரூபன்ஸ் 1612க்கும் 1614க்கும் இடையில் ஆண்ட்வெர்ப் தேவாலயத்துக்காகத் தீட்டிய, சிலுவையினின்றும் கிறிஸ்துவை இறக்கும் ஓவியம் ஆள் உயரத்தைப்போல் இருமடங்குக்கும் அதிகமானது. அது வைத்த இடத்தைவிட்டு அசைவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் 1620இல் லூகாஸ் வோர்ஸ்டர்மன் என்ற செதுக்குக் கலைஞர் அதைச் செப்புத் தகட்டில் கோடுகளாக இறக்கிக் காகிதத்தில் அச்சிட்டபோது, அந்த ஓவியம் நடக்கத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த இளைஞர் ரெம்பிராண்ட் அந்த அச்சுத்தாளின் வாயிலாகவே ரூபன்ஸின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டு, 1633இல் அதே விஷயத்தைத் தம் போக்கில் தீட்டியதோடு, தாமும் அதைச் செப்பில் ஏற்றினார். ஒரு நகரத்துத் தேவாலயச் சுவரில் கிடந்த சிந்தனை, இருபது ஆண்டுகளுக்குள் வேறொரு நகரத்தில் வேறொரு மேதையின் கையில் மறுபிறப்பு எடுத்துவிட்டது.

ரூபன்ஸ் இந்தச் சாதனத்தின் சக்தியை நன்கு உணர்ந்தவர். 1619, 1620ஆம் ஆண்டுகளில் பிரான்சிலும் தம் சொந்த நாட்டிலும் டச்சுக் குடியரசிலுமாகத் தம் படங்களைப் பிறர் அனுமதியின்றி அச்சிடாதபடி அரசாங்கப் பாதுகாப்பு உரிமைகளைப் பெற்றார். செதுக்குபவர் எடுத்துவரும் சோதனை அச்சின் மேல், பேனாவும் வெள்ளை வர்ணமும் கொண்டு, இங்கே நிழல் கனக்க வேண்டும், அங்கே தோள் ஒளிர வேண்டும் என்று அவரே திருத்திக் கொடுத்தார். அவர் கைப்பட்ட அத்தகைய சோதனைத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. வோர்ஸ்டர்மனோ, பட்டின் மினுமினுப்பையும் சதையின் மென்மையையும் இரும்பின் குளிர்ச்சியையும் கோடுகளின் தடிப்பாலும் நெருக்கத்தாலுமே வேறுபடுத்திக் காட்டிய தம் உழைப்பின் பெருமை தமக்கே உரியது என்று கருதினார். மனஸ்தாபம் முற்றி இருவரும் பிரிந்தனர். அச்சுத்தாளின் அடியில் ஒரு பக்கம் தீட்டியவர் பெயரையும் மறுபக்கம் செதுக்கியவர் பெயரையும் பொறிக்கும் சம்பிரதாயம், இரண்டு தனித்தனித் திறமைகள் கூடிய இடம் அது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.

உளியால் செப்பைச் செதுக்குவது பல வருஷங்கள் பயின்றாலொழியக் கைவராத வித்தை. ஆனால் எச்சிங் என்ற முறை அந்தக் கதவை ஓவியனுக்கே திறந்துவிட்டது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் குங்கிலியம் போன்ற பிசின்களும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவி, அதைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுவர்த்தியின் புகையில் கறுக்கச் செய்கிறார்கள். பின்னர் ஊசிமுனையால் அந்தக் கறுப்பில் வரைந்தால், ஊசி சென்ற வழியெல்லாம் பூச்சு அகன்று செம்பு பளிச்சென்று தெரியும். காகிதத்தில் பேனா ஓடுவதுபோலவே கை தங்குதடையின்றி ஓடும். தகட்டைத் திராவகத்தில் இட்டால், பூச்சு மூடிய இடங்களை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் திராவகம் அரிக்கிறது. சிறிது நேரம் அரித்த கோடு மெல்லியதாகவும் நெடுநேரம் அரித்த கோடு கனத்த கறுப்பாகவும் அச்சில் விழும். ஆகையால், தூரத்து மலைக்கு இவ்வளவு போதும் என்று தோன்றியவுடன் தகட்டை வெளியே எடுத்து அந்தப் பகுதியை மூடிவிட்டு, அருகிலுள்ள மரத்துக்காக மறுபடியும் திராவகத்தில் இடுவார்கள். இறுதியில் பூச்சை நீக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, கோட்டின் பள்ளத்தில் மட்டும் மை தங்கியிருக்க, ஈரம் ஊட்டிய காகிதத்தை அதன்மேல் பரப்பி உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால், வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிய சித்திரம் காகிதத்தில் எழுந்து நிற்கும்.

இந்த வித்தையை ஒவ்வொரு ஓவியரும் தத்தம் தேவைக்கு ஏற்பக் கையாண்டனர். ஸ்பெயினில் பிறந்து நேப்பிள்ஸில் வாழ்ந்த ரிபேரா, பெயர் பரவ வேண்டிய தம் ஆரம்ப காலத்தில் சில தகடுகளை அரும்பாடுபட்டுச் செய்து, கீர்த்தி நிலைத்தபின் அநேகமாக அதைக் கைவிட்டுவிட்டார். சால்வத்தோர் ரோசா, 1660களில் தாம் தீட்டிய பெரிய சரித்திர ஓவியங்களைத் தாமே எச்சிங்காக்கி, கற்பனையும் தீட்டலும் செதுக்கலும் ஆகிய மூன்றும் தம்முடையவையே என்று தாளின் அடியில் அறிவித்துக்கொண்டார். ரெம்பிராண்ட் ஒருவர்தாம், ஏறக்குறைய முந்நூறு தகடுகளைச் செய்தவர், அச்சுத்தாளை ஓவியத்தின் தூதனாக அனுப்பியதோடு நில்லாமல் அதையே ஒரு தனிக்கலையாக்கி உயர்த்தினார். நூறு கில்டர் படம் என்று பெயர் பெற்ற, கிறிஸ்து நோயாளிகளைக் குணமாக்கும் அவருடைய தாளில், இடப்புறம் ஒளியில் கரைந்து போகும் வெறும் கோட்டுருவங்களும் வலப்புறம் ஆழம் காண முடியாத இருளும் ஒரே தகட்டில் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. இத்தாலிக்கு ஒருநாளும் போகாத அவர் இத்தாலியை அறிந்ததும், பெரும்பாலும் தம் வீட்டுத் தொகுதிகளில் சேர்த்து வைத்திருந்த அச்சுத்தாள்கள் மூலமே.

லெ பிரூனுக்கு வாய்த்தவர் ழெரார் ஓத்ரான். அலெக்சாந்தரின் வெற்றிகளை லெ பிரூன் தீட்டிய பிரம்மாண்டமான ஓவியங்களை, திராவகக் கோட்டின் சுதந்திரத்தையும் உளிக் கோட்டின் கம்பீரத்தையும் ஒரே தகட்டில் இணைத்து, 1670களில் ஓத்ரான் அச்சில் கொண்டுவந்தார். பல தகடுகளில் செதுக்கி, பல தாள்களை ஒட்டிச் சேர்த்தாலன்றி ஒரு போர்க்களம் முழுமை பெறாத அளவுக்கு அவை விரிந்தவை. அவற்றுள் ஒன்று நம் தேசத்துக் கதை. ஜீலம் நதிக்கரையில் தோற்றுக் காயமுற்ற போரஸ் மன்னன், தாங்கி வரும் வீரர்களின் கைகளில் சாய்ந்தபடி, குதிரைமேல் வீற்றிருக்கும் அலெக்சாந்தரின் முன் நிறுத்தப்படுகிறான். 1673இல் முடிந்த அந்த ஓவியத்தின் அகலம் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல். அதைச் சுவரினின்று கழற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக யாரால் ஆகும்? அதன் அச்சோ ஐரோப்பாவின் அரண்மனைகளுக்கும் ஓவியக்கூடங்களுக்கும் சென்றது; பிற்காலத்தில் போர்க்களம் தீட்ட விரும்பியவர்கள் அதை வைத்துப் பாடம் கற்றார்கள்.

இப்படி ஒரு துணை அமையாத ஓவியனின் கதி என்ன என்பதற்கு வெலாஸ்க்வெஸ் உதாரணம். ஸ்பானிய அரசனின் அரண்மனைக்குள்ளேயே தம் தலைசிறந்த ஓவியங்களைத் தீட்டி 1660இல் மறைந்த அவரை, அரண்மனைக்கு வெளியே, அதிலும் பிற நாடுகளில், அறிந்தவர் மிகச் சிலரே. அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், 1778இல், இளம் ஓவியர் கோயா அந்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துச் செப்பில் எச்சிங் செய்து வெளியிட்டார். திறமையில் ரூபன்ஸுக்குச் சிறிதும் இளைக்காத ஒருவர் இத்தனை காலம் மறைந்திருந்ததற்கு முக்கியமான ஒரு காரணம், அவர் ஓவியத்துக்குப் புறப்பாடு இல்லாமற்போனதுதான்.

புறப்பாடு என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தேன். காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இந்த விஷயத்தின் தத்துவத்தை விளக்க ஐரோப்பா வரையில் போக வேண்டியதில்லை. கருவறையில் மூலவர் கல்லில் எழுந்தருளி, ஆயிரம் ஆண்டுகளாக இடம் பெயராமல் இருக்கிறார். உற்சவரோ, செம்பே மிகுந்த பஞ்சலோகத்தில் வார்க்கப்பெற்று, தோளுக்கினியானிலும் சப்பரத்திலும் தேரிலும் ஏறி வீதிக்கு வருகிறார். கோயில் வாசற்படி ஏற இயலாத முதியவரும் படுக்கையோடு கிடக்கும் நோயாளியும் தத்தம் திண்ணையிலிருந்தே அவரைத் தரிசிக்கிறார்கள். உள்ளே லிங்கமாக இருப்பவர் வெளியே வரும்போது நடராஜராகவோ சோமாஸ்கந்தராகவோ வருகிறாரேயன்றி, லிங்கத்தின் சிறிய நகலாக வருவதில்லை. வெளியே வருவதற்கென்று அமைந்த தனித் திருமேனி அது. மூலவருக்கு உள்ள சாந்நித்தியம் அதற்கும் உண்டு என்பதே சம்பிரதாயம். பரோக் ஓவியர்களின் அச்சுத்தாளையும் நான் அவ்வாறே கருதுகிறேன். வர்ணத்தை உதறிவிட்டு, அளவைச் சுருக்கிக்கொண்டு, கோட்டை மட்டும் மேனியாகத் தரித்து வீதிக்கு வந்த ஓவியம் அது.

அந்த உலா நம் தேசத்தையும் வெகு சீக்கிரமே எட்டியது. 1580இல் பதேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைப் பாதிரிமார் அக்பருக்கு அளித்த, ஆண்ட்வெர்ப் பிளாண்டின் அச்சகத்துப் பன்மொழி விவிலியத்தில் செப்புத் தகட்டுச் சித்திரங்கள் இருந்தன. அவை போன்ற தாள்களைக் கண்ட மொகலாயச் சித்திரக்காரர்கள், அந்தக் கோட்டுருவங்களை எடுத்துத் தங்கள் வர்ணங்களைத் தாங்களே ஊட்டினார்கள். மறுதிசையிலும் யாத்திரை நடந்தது. டச்சு வணிகர் மூலமாக ஹாலந்தை அடைந்த மொகலாயச் சிற்றோவியங்களை ரெம்பிராண்ட் 1650களில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களாகப் பார்த்து வரைந்தார். 1656இல் அவர் செய்த, ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்தளிக்கும் எச்சிங்கில், மரத்தடியில் அமர்ந்த மொகலாயப் பெரியோர்களின் அமர்வு முறை அப்படியே புகுந்துவிட்டது. அந்த டச்சுக் கம்பெனியார் 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நிலைபெற்றிருந்தார்கள் என்பதையும், சற்று வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு தமிழ் எழுத்துக்களை வார்த்து 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அச்சும் தகடும் காவிரியின் கழிமுகத்திலேயே வந்து நின்றன என்பது விளங்கும்.

அதே தரங்கம்பாடிக்கு 1750இல் வந்து சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் அன்பிலும் கண்காணிப்பிலும் வளர்ந்தவர்தாம் இரண்டாம் சரபோஜி. 1798இல் அரியணை ஏறி, மறு ஆண்டே நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயக் கம்பெனியாரிடம் இழந்து, கோட்டையளவில் சுருங்கிய அதிகாரத்தோடு 1832 வரை வாழ்ந்த அந்த மன்னர், இழந்த ராஜ்யத்துக்கு ஈடாக அறிவின் ராஜ்யம் ஒன்றை எழுப்பிக்கொண்டார் என்று சொல்வது மிகையாகாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் முதலிய பாஷைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை வரவழைத்து, பலவற்றில் தம் கையொப்பமும் இட்டு வைத்தார். 1805இல் அரண்மனையிலேயே தேவநாகரி எழுத்தில் நூல் அச்சிட ஓர் அச்சுக்கூடம் அமைத்தார். தன்வந்திரி மகாலில் கண்நோய் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களை எழுதிவைத்தபோது, நோயுற்ற கண்ணை உள்ளபடியே வர்ணத்தில் வரைவித்துச் சேர்த்தார். தெய்வத் திருவுருவங்களையும் அரசர்களையும் எழுதிப் பழகிய தஞ்சைச் சித்திரக்காரர்களின் மரபு, மேனாட்டுச் சாஸ்திர நூல்களின் கோட்டுச் சித்திரங்களோடு கலந்துறவாடிய காலம் அது. லெ பிரூனின் முகங்கள் தஞ்சையில் இடம்பெற்றது இத்தகைய மனிதரின் கையில் என்பதால், அவற்றை வெறும் வேடிக்கைப் பொருளாக நான் எண்ணவில்லை. காண்பதைக் கோட்டில் பிடித்து, கோட்டின் மூலம் அறிவைப் பரப்பலாம் என்ற நம்பிக்கையை உடையவர் அவற்றைச் சேர்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் சோழநாட்டின் சொந்தச் செப்புத் தகடுகள் நினைவுக்கு வருகின்றன. செம்பில் கோடு செதுக்கும் வித்தையை நமக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் அளித்ததைக் கூறும் செப்பேடுகள் இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் வரி வரியாக, வழுவாமல் ஓடும் அந்த எழுத்துக்களைப் பொறித்த காஞ்சிபுரத்துக் கலைஞர்களின் பெயர்களும் இறுதியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. டச்சு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து லெய்டன் செப்பேடுகள் என்றே அவை பெயர்பெற்றன. அந்த லெய்டன், 1606இல் ரெம்பிராண்ட் பிறந்த ஊர். ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே விதமான உளி, கையெழுத்திட்ட கலைஞன் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. ஆனால் இங்கே தகடு, ஓர் அரசன் கொடுத்த வாக்கு சந்திர சூரியர் உள்ளவரை அழியாதிருக்க வேண்டும் என்பதற்காகச் செதுக்கப்பட்டு, வளையத்தில் கோக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டுப் பத்திரமாகப் புதைந்தது. அங்கே தகடு, ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவனும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செதுக்கப்பட்டு, மை தடவப்பட்டு, அழுத்தி அழுத்தித் தேய்ந்தே போயிற்று. காலத்தை வெல்ல விரும்பியது ஒன்று, தூரத்தை வெல்ல விரும்பியது மற்றொன்று. இரண்டும் உயர்ந்த நோக்கங்களே. எனினும் தூரத்தை வெல்லும் முயற்சியில் நாம் பின்தங்கிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்தங்கியதன் விளைவு தஞ்சைப் பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. 1010இல் ராஜராஜன் நிறைவேற்றிய அந்தக் கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில், சோழர் காலத்து ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் எழுதிய சித்திரங்களுள் திரிபுராந்தகர் ஒன்று. பிரம்மா சாரதியாக ஓட்டும் தேரின் மேல், ஒரு காலை மடக்கி ஒரு காலைப் பின்னே நீட்டி, எட்டுக் கரங்களோடு வில்லேந்தி நிற்கும் இறைவனின் முகத்தில் வீரமும் புன்னகையும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. எதிரே அசுரர் கூட்டம் போருக்கு எழ, அவர்தம் மகளிர் அச்சத்தால் அவர்களைப் பற்றிக்கொள்கிறார்கள். ஒரே உடல்வளைவில் இத்தனை வேகத்தையும், ஒரே சுவரில் இத்தனை உணர்ச்சிகளின் மோதலையும் அடக்கிய அந்த ஓவியன், அலெக்சாந்தரின் போர்களைத் தீட்டிய லெ பிரூனுக்கு அறுநூற்றைம்பது ஆண்டுகள் மூத்தவன். நாயக்கர் காலத்தில் அந்தச் சுவர்களின் மேல் மற்றொரு பூச்சு ஏறி, வேறு சித்திரங்கள் எழுதப்பட்டன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்த பூச்சின் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவிக்கும் வரை, நாள்தோறும் அந்தக் கோயிலை வலம்வந்த தஞ்சை மக்களுக்கே அப்படியொன்று இருப்பது தெரியாது.

தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1790களில் தென்னாட்டில் சுற்றிப் பார்த்துச் சென்று, எச்சிங்கின் உறவுமுறையான அக்குவாடிண்ட் அச்சில் இந்நாட்டுக் காட்சிகளை 1795 முதல் 1808 வரை வெளியிட்டார்கள். அந்த 144 தாள்களுள் தஞ்சைக் கோயிலும் இருந்தது. கோயிலின் புறத்தோற்றத்தை லண்டன் மாளிகைகளில் இருந்தவர்கள் பார்த்து ரசித்த காலத்தில், அதன் உள்ளிருந்த ஓவியத்தை அதே ஊரார் அறியாதிருந்தனர். சுவரில் பூச்சு ஏறியதை மட்டும் காரணமாகக் கொள்வதற்கில்லை. திரிபுராந்தகரின் கோடுகள் ஒரு தகட்டிலோ தாளிலோ ஏறி ஊர் ஊராகப் பரவியிருந்தால், மூலம் மூடுண்ட பின்னும் அவை வாழ்ந்திருக்கும். அவற்றைப் பார்த்துப் பின்வந்த ஓவியர்கள் பாடம் கற்றிருப்பார்கள். சோழர் கோட்டின் மரபு நடுவே அறுந்துபோயிருக்காது.

படத்தைப் பலரும் காணச் செய்ய வேண்டும் என்ற ஆசை தஞ்சையில் இல்லாமற்போகவில்லை. பலாப்பலகையில் துணி ஒட்டி, உப்பலாக வேலை செய்து, தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படங்கள் பூஜையறைக்கு உரியவை. அவற்றின் ஜீவன் பொன்னிலும் புடைப்பிலும் இருப்பதால், கோட்டச்சுக்கு அவை எளிதில் வசப்படுவனவல்ல. அதே சித்திரக்காரர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகக் காகிதத்தில், தெய்வங்களையும் பல தொழில் செய்யும் தம்பதிகளையும் தொகுதி தொகுதியாக, ஒரே மாதிரியைக் கொண்டு திரும்பத் திரும்பக் கையாலேயே எழுதித் தந்தார்கள். கைக்கு மாற்றாக யந்திரத்தை வைக்க வேண்டும் என்ற யோசனையை உரத்துச் சொன்னவர், கும்பகோணத்தில் 1828இல் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவ ராவ். ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அவ்வளவு தேவை ஏற்பட்டிருக்க, ஒருவர் கையால் எழுதித் தீராது என்றும், ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப் பிரதிகள் எடுப்பது கீர்த்தியோடு தேசத்துக்கும் உபகாரம் என்றும் அவர் எடுத்துரைத்தார். 1894இல் ரவிவர்மா பம்பாயில் தாமே அச்சகம் தொடங்கினார். அந்தப் படங்கள் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தபோது நடந்ததுதான் என் மனத்தைத் தொடுகிறது. அச்சிட்ட லக்ஷ்மிக்கும் சரஸ்வதிக்கும் வீட்டுப் பெண்கள் உண்மையான பட்டுத் துணியும் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்து, கண்ணாடிச் சட்டத்தில் அலங்கரித்து மாட்டினார்கள். உற்சவருக்குச் செய்யும் அலங்காரத்தை அச்சுப் படத்துக்கும் செய்தார்கள். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுதிய படங்கள், சிவகாசி அச்சுக்கூடங்களின் வழியே நாட்காட்டிகளாகி, ஓவியம் நுழையாத குடிசையும் இல்லை என்ற நிலையை உண்டாக்கின.

அச்சுப் பெருகியதால் ருசி கெட்டது என்று கூறுவோர் உண்டு. மங்கிய மையும் பிசகிய பதிவும் பகட்டான வர்ணமும் நம் கண்களைப் பாழாக்கின என்பதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் குற்றத்தைப் பிரதி எடுக்கும் காரியத்தின் மேல் சுமத்துவது நியாயமன்று. சோதனைத் தாளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு நிழலையும் திருத்தி, சரியாக வரும்வரை அச்சேற்றாமல் நிறுத்திவைத்த ரூபன்ஸின் கண்டிப்பு இருந்தால், ஆயிரமாவது பிரதியும் கண்ணியத்தோடு இருக்கும். இன்று ஒரு விசையை அழுத்தினால் எந்தப் படமும் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. அப்படி வருவது விரலசைவில் மறைந்தும் போகிறது. சுவரில் மாட்டி, தினமும் போக வர நின்று பார்த்து, குழந்தை அதைப் பார்த்தே வரையக் கற்றுக்கொள்ளும் தாளுக்கு அது மாற்றாகாது.

ஆகையால் என் வேண்டுகோள் இது. சோழர் ஓவியங்கள் இருக்கும் திருச்சுற்று, பாதுகாப்பைக் கருதிப் பொதுமக்கள் நுழைய இயலாதபடி இருக்கிறது. அது அப்படியே இருப்பதுதான் நல்லது, மூலவரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி நம் அருகிலேயே இருக்கிறது. செம்பையும் பித்தளையையும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட கம்மியர்கள் அந்நகரிலும் சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் இருக்கிறார்கள். தொல்லியல் துறையும் சரசுவதி மகாலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மனம்வைத்தால், திரிபுராந்தகரையும் தட்சிணாமூர்த்தியையும் கயிலைக்கு யானைமேல் விரையும் சுந்தரரையும், தேர்ந்த மாணவர்கள் ஓவியத்தின் முன்னிருந்தே கோட்டில் எழுதிவந்து, செப்புத் தகட்டில் எச்சிங் செய்து, நல்ல காகிதத்தில் அச்சிடலாம். சரபோஜி சேர்த்த லெ பிரூனின் முகங்களையும் உடன் சேர்த்து, படுகை மாவட்டங்களின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிச் சுவருக்கும் ஒரு தொகுதி அளிக்கலாம். தாளின் அடியில் ஒரு பக்கம், பெயர் தெரியாத சோழநாட்டு ஓவியன் என்றும், மறுபக்கம் செதுக்கிய மாணவனின் அல்லது மாணவியின் முழுப் பெயரும் இருக்கட்டும். இதற்கு வேண்டிய செம்பும் கையும் கண்ணும் காவிரி நாட்டில் இன்றும் இருக்கின்றன. தொடங்குவதற்கு நமக்கு வேறெதுவும் தேவையில்லை.